அடைத்த பல்லும் அடங்காத வலியும்

பல்லில் குழி விழுந்தால் வலிக்கும். குழியை அடைத்துவிட்டால் வலி நின்றுவிடும். பல் மருத்துவத்தைப் பற்றி நம்மவரில் பெரும்பாலோர் கொண்டுள்ள அறிவு இவ்வளவே. பல வேளைகளில் இவ்வறிவு போதுமானதாகவும் இருக்கிறது. ஆயினும், அடைத்த பின்னரும் வலிக்கின்ற பல்லுக்கு இதில் இடமே இல்லை. அத்தகைய பல்லைக் கண்டால், 'டாக்டர் சரியாகச் செய்யவில்லை' என்று ஒரு சாரார் முடிவு கட்டுகின்றனர். 'இனி அது உதவாது, பிடுங்கி எறி' என்று மற்றொரு சாரார் தீர்ப்பளிக்கின்றனர். 'பொறுத்துக்கொள், போய்விடும்' என்பார் மூன்றாம் சாரார். இம்மூன்றும் சில சமயங்களில் உண்மையாகவும், பல சமயங்களில் கேடாகவும் முடிவதை நாம் கண்டிருக்கிறோம். நமது வலப்புறத்துக் கீழ்க் கடைவாய்ப் பல்லொன்று ஏறத்தாழ இரண்டு திங்கள் நமக்கு நடத்திய பாடத்தையும், நம் தங்கவயல் லைன்களில் கண்டு கேட்டவற்றையும் இங்கே எழுதலாம் என்று தோன்றிற்று.

அந்தப் பல்லை நாம் அடைத்துக்கொண்டது மார்கழியில், ஒரு சனிக்கிழமையன்று. பணி செய்யுமிடத்துக்கு அருகில், பெங்களூரில், ஒரு சிறு மருத்துவ மனையில் அது நடந்தது. மரத்துப்போன வாயுடன் மாலை வண்டி ஏறி வீடு வந்து சேர்ந்தோம். ஞாயிறன்று இட்லி உண்ணும்போது ஒன்றும் தெரியவில்லை. செவ்வாயன்று வறுத்த வேர்க்கடலையை அந்தப் பக்கத்தில் வைத்துக் கடித்தபோது, மின்சாரக் கம்பியைத் தொட்டாற்போல் ஒரு வலி தாடையில் பாய்ந்தது. மறுநாள் விடியற்காலை வண்டியின் சன்னலோரம் அமர்ந்தபோது, வாய் திறந்து மூச்சு வாங்கியதற்கே பல் கூசிற்று. வெள்ளைக்காரர் தங்கவயலைச் 'சின்ன இங்கிலாந்து' என்று ஏன் அழைத்தார்கள் என்பதை மார்கழி மாதத்துக் காற்றில் அடைத்த பல்லோடு பயணம் செய்பவனே நன்குணர்வான்.

பல்லை அடைத்த இடத்துக்குத் தொலைபேசியில் தெரிவித்தோம். 'போகப் போகச் சரியாகிவிடும்' என்று விடை வந்தது. எத்தனை நாள் போகப் போக, எந்த வலி சரியாகும், எந்த வலி சரியாகாது என்று கேட்டதற்கு மறுமொழி கிடைக்கவில்லை. 'போகப் போக' என்னும் அச்சொல்லைப் பிடித்துக்கொண்டு எத்தனை பேர் எத்தனை மாதங்களைக் கழித்திருப்பார்கள் என்று எண்ணும்போது இப்பொழுதும் சினம் எழுகிறது.

வீட்டில் சபை கூடிற்று. எங்கள் பெரியப்பா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் முப்பது ஆண்டுகள் உழைத்தவர். முப்பத்திரண்டு பற்களில் அவரிடம் எஞ்சியிருப்பவை ஒன்பது. "தம்பி, வலிக்கிற பல்லைக் கையிலே எடுத்துப் பார்த்தால்தான் நிம்மதி" என்றார். தாம் இழந்த இருபத்து மூன்றையும் அவர் நிம்மதிக் கணக்கிலேயே எழுதி வைத்திருக்கிறார். வீட்டுக்காரி கிராம்பை நசுக்கிக் கொண்டுவந்து வைத்தாள். பக்கத்து வீட்டுப் பாட்டியம்மையார், 'பல்லில் பூச்சி இன்னும் உள்ளே இருக்கிறது. கண்டங்கத்திரி விதையைச் சுட்டுப் புகை பிடித்தால் விழுந்துவிடும்' என்றார். பல்லைத் துளைப்பது பூச்சி என்னும் எண்ணம் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. பழைய பாபிலோனியாவிலும் இருந்தது. பல்லை அரிப்பது பூச்சியன்று, வாயிலுள்ள நுண்ணுயிர்கள் சர்க்கரைப் பண்டங்களை உண்டு வெளியிடும் அமிலம் என்பதை இன்று பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். ஆயினும் 'பூச்சிப் பல்' என்ற சொல் நம் நாவைவிட்டு நீங்கவில்லை.

வலியைப் பொறுத்துக்கொள்ளும் இந்த வழக்கம் நம் ஊருக்கு எங்கிருந்து வந்தது என்பதை ஓரளவு ஊகிக்கலாம். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனியார் இங்கு வந்த பின்னர், வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூர்ப் பக்கத்திலிருந்தும் நம் முன்னோர் கூட்டங்கூட்டமாக வந்து சேர்ந்தனர். மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், வெக்கையில், பாறையைக் குடைந்தனர். நிலத்தடியில் அழுத்தம் தாங்காமல் பாறை வெடித்துச் சிதறும்போது மேலே லைன் வீடுகளும் அதிரும். அந்த அதிர்ச்சியைக் கேட்ட பெண்கள் சுரங்க வாயிலை நோக்கி ஓடுவார்கள். உயிர் திரும்பி வருமா என்று காத்திருந்த ஊரில், பல்வலியைச் சொல்லி ஒருவன் ஒரு நாள் கூலியை விடுவது நகைப்புக்குரியதாக இருந்திருக்கும். பெரியப்பாவை நாம் குறை கூறவில்லை. ஆனால், அவர் காலத்துப் பொறுமை நம் காலத்துப் பல்லுக்கு மருந்தாகாது.

பல்லின் அமைப்பைச் சிறிது அறிந்துகொண்டால் பாதி அச்சம் நீங்கும். வெளியே இருப்பது எனாமல். உடம்பிலேயே மிகக் கடினமான பொருள் அது. அதில் நரம்பில்லை; எனவே அதற்கு வலியும் இல்லை. அதன் உள்ளே டென்டின் என்னும் அடுக்கு உள்ளது. கண்ணுக்குத் தெரியாத குழாய்கள் அதில் நெருங்கியிருக்கின்றன. ஒரு சதுர மில்லிமீட்டரில் பல்லாயிரம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அக்குழாய்களில் ஒரு நீர்மம் நிறைந்துள்ளது. நடுவே, சிறு அறையொன்றில், இரத்தக் குழாய்களும் நரம்புகளும் கொண்ட மென்மையான பற்கூழ் இருக்கிறது. குளிர்ந்த நீரோ காற்றோ டென்டினைத் தாக்கினால் குழாய்களிலுள்ள நீர்மம் அசைகிறது. அந்த அசைவை நரம்பு வலியாக உணர்கிறது. 1960களில் சுவீடன் நாட்டு அறிஞர் பிரான்ஸ்ட்ரோம் இதை ஆராய்ந்து நிறுவினார். கூச்சம் என்று நாம் சொல்லும் அந்தச் சுரீர் வலிக்கு இதுவே பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்ட விளக்கம்.

இப்போது பல்லை அடைக்கும் வேலையை எண்ணிப் பாருங்கள். சொத்தையைச் சுரண்ட, வேகமாகச் சுழலும் கருவியைப் பாய்ச்சுகிறார்கள். நீர் தெளித்துக் குளிர்வித்தாலும் சூடு எழத்தான் செய்யும். காற்றை ஊதி உலர்த்துகிறார்கள். பிறகு அமிலம் தடவிக் கழுவி, பசை பூசி, மாவுபோன்ற பொருளை வைத்து, நீல ஒளியால் இறுகச் செய்கிறார்கள். இறுகும்போது அந்தப் பொருள் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு சுருங்குகிறது. சுருக்கம் பல்லின் சுவரை இழுக்கும். அல்லது விளிம்பில் மயிரிழை போன்ற இடைவெளியை உண்டாக்கும். அந்த இடைவெளிக்குள் நீர் அசைந்தால் கூச்சம் பிறக்கும். இத்தனை துன்பங்களைக் கண்ட பற்கூழ் சில நாள் சிவந்து வீங்கிக் கிடப்பதில் வியப்பில்லை. குழி எவ்வளவு ஆழமோ, அதன் முறையீடும் அவ்வளவு நீளும். சில நாள் முதல் சில வாரம் வரை, குளிர்ச்சி பட்டால் சுரீரென்று வந்து, பட்ட பொருள் நீங்கியவுடன் சில நொடிகளில் மறைந்துவிடும் கூச்சம் இருந்தால், அது பெரும்பாலும் தானே தணியக்கூடியது. நாளுக்கு நாள் குறைந்துகொண்டு வரவேண்டும் என்பதே இதில் கவனிக்கத்தக்கது. வலி வந்ததா என்பதைவிட, நேற்றைவிட இன்று குறைந்ததா என்ற கேள்வி பயனுள்ளது. நாட்காட்டியில் நாள்தோறும் ஒரு குறி போட்டுவைத்தால் டாக்டரிடம் சொல்லவும் எளிதாகும். வீட்டுக்காரி அவ்வாறே போட்டுவந்தாள்.

கடிக்கும்போது வரும் வலியோ வேறு வகை. அடைத்த இடம் சற்று உயர்ந்துவிட்டால், வாய் மூடும்போதெல்லாம் அந்தப் பல்லே முதலில் இடிபடும். மற்றப் பற்கள் தாங்கவேண்டிய சுமை அனைத்தும் அதன்மேல் விழ, வேரைச் சுற்றியுள்ள தசைநார் நொந்துபோகும். உயர்வு எவ்வளவு இருந்தால் இது நேரும் என்று கேட்டால் நம்பமாட்டீர்கள். தலைமயிரின் பருமனைவிடக் குறைந்த அளவையும் நம் பற்கள் உணர்ந்துவிடுகின்றன. டாக்டர் அன்றே பார்த்திருக்கலாமே என்று தோன்றும். பார்த்துத்தான் இருப்பார். ஆனால் ஊசி போட்டு மரத்த வாயால் நோயாளி சரியாகக் கடிப்பதில்லை. சாய்வு நாற்காலியில் படுத்துக் கடிக்கும் கடி வேறு, நிமிர்ந்து உட்கார்ந்து சோறு மெல்லும் கடி வேறு. எனவே மரமரப்பு நீங்கியபின் உயர்வு தெரியவருவது அடிக்கடி நேர்வதே. இவ்வகை வலி பொறுத்திருந்து போவதன்று. திரும்பச் சென்று சீர் செய்யவேண்டும்.

நாம் அதைத்தான் செய்தோம். பதினாறாம் நாள், ராபர்ட்சன்பேட்டையில் உள்ள ஒரு பல் டாக்டரிடம் போனோம். அவர் நீலநிறத் தாளொன்றைப் பற்களிடையே வைத்து, "கடியுங்கள், தேயுங்கள், மெல்வதுபோல் அசையுங்கள்" என்றார். நிமிர்ந்து உட்காரச் செய்து மறுமுறையும் அவ்வாறே பார்த்தார். அடைத்த இடத்தின் ஓர் ஓரத்தில் மட்டும் கரும்புள்ளி போல் நீலம் அழுந்தியிருந்தது. அந்த இடத்தை மெல்லத் தேய்த்தார். காப்பி போடும் நேரங்கூட ஆகவில்லை. ஊசியும் தேவைப்படவில்லை. மூன்று நாளில் கடிக்கும் வலி ஓய்ந்தது. பதினாறு நாள் நாம் ஒருபுறமாகவே மென்று தின்றதற்குக் காரணமாக இருந்தது ஒரு கடுகின் தோலளவு உயர்வு!

கூச்சம் மட்டும் நீங்கவில்லை. டாக்டர் ஒரு பஞ்சைக் குளிரச் செய்து முதலில் பக்கத்துப் பல்லிலும், பிறகு அந்தப் பல்லிலும் வைத்து, பஞ்சை எடுத்தபின் வலி எத்தனை நொடி நிற்கிறது என்று எண்ணினார். ஐந்தாறு நொடியில் அடங்கிவிட்டது. "பற்கூழ் உயிரோடு இருக்கிறது, கோபமாகவும் இருக்கிறது. இப்போது வேரைத் திறக்க அவசரப்படவேண்டாம். ஆறு வாரம் பார்ப்போம். சூடு பட்டு வலித்தாலோ, இரவில் எழுப்பினாலோ, அன்றைக்கே வந்துவிடுங்கள்" என்றார். முதலிடத்தில் கிடைக்காத விடை இதுதான். எதற்குக் காத்திருக்கவேண்டும், எதற்குக் காத்திருக்கக்கூடாது என்று ஒரு டாக்டர் இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டால், நோயாளி எத்தனை வாரமும் அமைதியாகக் காத்திருப்பான்.

இவ்விடத்தில் தங்கவயலுக்குரிய ஒரு செய்தியைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. இன்றும் நம்மில் முதியோர் பலரது வாயில் சாம்பல் நிற அடைப்புகளைக் காணலாம். 'வெள்ளி அடைத்தது' என்பர். அது முழுவதும் வெள்ளியன்று. ஏறத்தாழப் பாதி எடை பாதரசம். மிகுதி வெள்ளி, வெள்ளீயம், செம்பு. நம் சுரங்கத்துப் பழைய ஆலைகளிலும் இதே பாதரசந்தான் வேலை செய்தது. உடைத்து மாவாக்கிய பாறையை நீரோடு செப்புத் தகடுகளின்மேல் ஓடவிடுவர். தகட்டில் பூசிய பாதரசம் பொன்னைப் பற்றிக்கொள்ளும். அந்தக் கலவையைச் சுரண்டிக் காய்ச்சிப் பொன்னைப் பிரிப்பர். 1887இல் சயனைடு முறை கண்டுபிடிக்கப்பட்டு இங்கும் வந்தது. தகட்டில் தப்பிய பொன்னும் கிடைத்தது. இன்றும் ஊரைச் சூழ்ந்து நிற்கும் மண்மேடுகள் அதன் மிச்சம். பொன்னைப் பற்றிய அதே பாதரசம், பல்லில் வெள்ளியைப் பற்றி இறுகியது. நூற்றிருபது ஆண்டுகளில் எண்ணூறு டன்னுக்கு மேல் பொன் எடுத்துக் கொடுத்த ஊரில், தங்கப்பல் கட்டிக்கொண்டவர் எத்தனை பேர் என்று கேட்காதீர்கள்.

அந்தப் பாதரசக் கலவைக்கும் அடைத்தபின் வரும் வலிக்கும் பழைய உறவு உண்டு. 1833இல் கிராக்கூர் என்னும் சகோதரர்கள் ஐரோப்பாவிலிருந்து அமெரிக்கா சென்று, வெள்ளி நாணயத்தைச் சீவிப் பாதரசத்தில் குழைத்துப் பல்லை அடைத்துப் பெரும்பொருள் ஈட்டினர். பக்குவம் இல்லாத அந்தக் கலவை இறுகும்போது விரிந்தது. அடைப்பு உயர்ந்து கடி கெட்டது. சில பற்கள் பிளந்தன. பொன்தகடு வைத்து அடைத்துவந்த பல் மருத்துவர்கள் வெகுண்டெழுந்தனர். 1840இல் தோன்றிய அமெரிக்கப் பல் அறுவை மருத்துவர் சங்கம், பாதரசத்தைத் தொடமாட்டேன் என்று உறுப்பினரிடம் உறுதிமொழி வாங்கிற்று. அந்தச் சச்சரவிலேயே 1856இல் சங்கம் கலைந்தது. பின்னர் 1890களில் ஜி. வி. பிளாக் என்பார் விரியாமலும் சுருங்காமலும் நிற்கும் கலவையை வகுத்துக் கொடுத்தார். ஏறத்தாழ நூறாண்டு அது உலகை ஆண்டது. இன்று பாதரசத்தின் நஞ்சைக் கருதி அதன் பயன் குறைந்துவருகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2025 சனவரி முதல் அதைப் பெரும்பாலும் நிறுத்திவிட்டது. இதைக் கேட்டு, வலியில்லாத பழைய அடைப்பைத் தோண்டி எடுக்கச் சொல்லி எவரும் ஓடவேண்டியதில்லை. தோண்டும்போதுதான் பாதரச ஆவி மிகுதியாக எழும், நல்ல பல்லும் சிறிது போகும். உலோக அடைப்பில் மற்றொரு வேடிக்கையும் உண்டு. மேற்பல்லில் தங்க உறையும் கீழ்ப்பல்லில் வெள்ளி அடைப்பும் இருந்து இரண்டும் தொட்டால், எச்சில் இடையில் நின்று ஒரு சிறு மின்கலம் உண்டாகிவிடும், சுரீரென்று அடிக்கும். மிட்டாய் சுற்றிய ஈயத்தாளை அறியாமல் கடித்தவர்களுக்கு இது புரியும்.

வேடிக்கை போதும். அஞ்சத்தக்க வலிக்கு வருவோம்.

எங்கள் லைனில் ஒருவர். பெயர் வேண்டா. கீழ்க்கடைவாய்ப் பல்லில் ஆழமான குழியை அடைத்துக்கொண்டார். சில வாரம் கழித்து வலி தொடங்கிற்று. சூடான தேநீர் பட்டால் வலி எழுந்து நெடுநேரம் நின்றது. குளிர்ந்த நீரை வாயில் வைத்திருந்தால் மட்டும் சற்றுத் தணிந்தது. படுத்தால் நாடித் துடிப்பைப்போல் விண்விண்ணென்று தெறித்தது. இது பற்கூழ் மீளமுடியாதபடி கெட்டுவருவதன் அடையாளம். பற்கூழ் இருப்பது கல்லறை போன்ற கடினமான அறைக்குள். பெரும்பாலான உறுப்புகள் வீங்கினால் விரிய இடமுண்டு, இதற்கு இல்லை. சுரங்கத்தில் அழுத்தத்துக்குள் அகப்பட்ட பாறையின் நிலை அது. மூன்று இரவு அவர் உறங்கவில்லை. நான்காம் நாள் வலி சட்டென நின்றுவிட்டது. மாரியம்மன் கோயிலுக்குத் தேங்காய் உடைத்தார்கள்.

நரம்பு இறந்துவிட்டதால்தான் வலி நின்றது என்பதை அந்த வீட்டில் எவரும் அறியார். இறந்த கூழில் நுண்ணுயிர்கள் பெருகி, வேரின் நுனி வழியே தாடை எலும்புக்குள் இறங்கின. இரண்டு மாதம் ஓசையில்லை. பிறகு ஒருநாள் தாடைக்குக் கீழே வீங்கிற்று, வாய் திறக்கவில்லை, மறுநாள் எச்சிலை விழுங்க முடியவில்லை, நாக்கு மேலெழும்பிப் பேச்சுக் குழறிற்று. கீழ்க்கடைவாய்ப் பற்களின் வேரிலிருந்து சீழ் வாயின் அடித்தளத்தில் இருபுறமும் பரவும் இந்நோயை 1836இல் லுட்விக் என்ற செர்மானிய மருத்துவர் விவரித்தார். மூச்சுக்குழலை அடைத்து உயிரையே வாங்கக்கூடியது. இரவோடிரவாகப் பெங்களூருக்குக் கொண்டுசென்று சீழை வடித்ததால் அவர் பிழைத்தார். பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். பல்லும் போயிற்று, கூலியும் போயிற்று, அவர் மனைவியின் தாலிச்சங்கிலி அடகுக் கடையில் இருக்கிறது. ஓர் உயர்வைத் தேய்க்கவோ வேர்ச் சிகிச்சை செய்யவோ ஆகும் செலவு இதன்முன் எம்மாத்திரம்?

ஆகவே, வலி தானே வந்து தானே நீடித்தாலும், சூட்டில் கிளர்ந்தாலும், உறக்கத்தைக் கெடுத்தாலும், நாட்களை எண்ணிக்கொண்டிராமல் டாக்டரிடம் போவதே முறை. வலி வளர்ந்து உச்சத்தில் திடீரென நின்றாலும் போகவேண்டும். அதுவே மிகவும் ஏமாற்றுவது. முகமோ கழுத்தோ வீங்கிக் காய்ச்சலும் கண்டு, விழுங்கவோ மூச்சுவிடவோ தடை ஏற்பட்டால், பல் டாக்டரின் கதவு திறக்கும்வரை காத்திராமல் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும். மென்று விடும்போது மட்டும் ஒரு குறிப்பிட்ட இடத்தில் வலித்தால் பல்லில் விரிசல் இருக்கலாம். பாக்கைக் கடிக்கும் வழக்கமுள்ள வாய்களில் இது அரிதன்று. மேற்கடைவாயில் பல பற்கள் ஒருசேர வலித்து, குனிந்தால் கனத்தால், பல்லைக் குற்றம் சொல்வதற்குமுன் சளியைப் பார்க்கவேண்டும். அப்பற்களின் வேருக்கு மேலேதான் கன்னக் குழிவு இருக்கிறது. நடந்தால் வந்து நின்றால் தணியும் இடத் தாடை வலி இதயத்தின் குரலாகவும் இருக்கக்கூடும். வயதானோர் இருக்கும் வீடுகளில் இதை நினைவில் வைக்கவேண்டும்.

கைமருந்து பற்றியும் சொல்லவேண்டும். வீட்டுக்காரி கொடுத்த கிராம்பை நாம் பழிக்கவில்லை. கிராம்பிலுள்ள யூஜினால் என்னும் பொருள் நரம்பை மரக்கச் செய்வது உண்மை. பல் மருத்துவரே துத்தநாக ஆக்சைடோடு அதைக் கலந்து தற்காலிகமாக அடைப்பதுண்டு. ஆனால் கிராம்பெண்ணெயை ஊற்றினால் ஈறு வெந்துபோகும். அடைத்த பல்லின் உள்ளே அது செல்வதும் இல்லை. ஆஸ்பிரின் மாத்திரையைப் பொடித்துப் பல்லருகே வைத்து ஈறு வெள்ளையாக வெந்து வந்தோரை நாம் பார்த்திருக்கிறோம். அந்த மாத்திரை விழுங்குவதற்கே. பாரசெட்டமால் போன்ற வலி மாத்திரைகள் ஓரிரு நாள் ஒத்தாசை செய்யும். வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு உள்ளோரும், இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்போரும், கருவுற்றோரும் கேட்காமல் எதையும் விழுங்கலாகாது. மருந்துக்கடையில் நாலு கேப்சூல் வாங்கி விழுங்கும் பழக்கந்தான் நம் ஊரில் மிகுதி. கூழ் கெட்டு வலிக்கும் பல்லின் வலியை நுண்ணுயிர்க்கொல்லி தணிப்பதில்லை. மூடிய அறைக்குள் இருக்கும் அழுகலை மருந்து மட்டும் துப்புரவு செய்யாது. அறையைத் திறக்கவேண்டும், அல்லது பல்லை எடுக்கவேண்டும்.

நம் மாவட்டத்து நீரையும் மறக்கலாகாது. சுரங்கம் பெத்தமங்கலத்து ஏரியிலிருந்து பாலாற்று நீரைக் கொண்டுவந்து நமக்குக் கொடுத்தது. வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் நம் உறவினர் குடித்த ஆறுதான் அது. ஆழ்துளைக் கிணறுகளை நம்பிய கோலார் கிராமங்களிலோ நீரில் ஃபுளோரைடு மிகுதி. லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்குமேல் கூடாதென்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. வளரும் பருவத்தில் இதை மிகுதியாகக் குடித்த பிள்ளைகளின் பல்லில் பழுப்புத் திட்டுகள் படிகின்றன. அவை சொத்தையல்ல, தேய்த்தாலும் போகா. ஆனால் கடுமையாகத் தாக்குண்ட எனாமல் நொறுங்கும் தன்மையுடையது. அதன்மேல் அடைப்புப் பசையும் எளிதில் பற்றாது. சுற்றுக் கிராமங்களிலிருந்து வந்தோர் பல்லை அடைக்கும்போது, எந்த ஊர் நீர் குடித்து வளர்ந்தோம் என்பதை டாக்டரிடம் கூறுவது நலம்.

இனி, காசும் நேரமும். 2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. நிறுவனத்து மருத்துவமனையில் குடும்பத்தோடு போய் வரிசையில் நின்ற காலம் அதோடு முடிந்தது. மாரிக்குப்பத்தில் விடியுமுன் வண்டி ஏறிப் பெங்களூரில் உழைத்து இருட்டியபின் திரும்புகிற ஆயிரக்கணக்கானோருக்கு, பகலில் திறக்கும் எந்த டாக்டரும் ஒரு நாள் கூலியின் விலையில்தான் கிடைக்கிறார். பல்லை வேலை செய்யும் ஊரில் அடைத்துக்கொண்டு, வலியை வீட்டுக்குக் கொண்டுவருகிறோம். நம் எண்ணம் இது: கூடுமானவரை பல்லை வசிக்கும் ஊரிலேயே அடைத்துக்கொள்ளுங்கள். திரும்பப் போவது சிகிச்சையின் ஒரு பகுதி என்பதை முதல் நாளே கணக்கில் வையுங்கள். தங்கவயலில் பி.ஈ.எம்.எல். நகரில் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பெங்களூரில் 1958 முதல் அரசினர் பல் மருத்துவக் கல்லூரி நடந்துவருகிறது. விக்டோரியா மருத்துவமனையை அடுத்து. கல்லூரிகளில் மாணவர் செய்வர், ஆசிரியர் பார்ப்பர்; நேரம் ஆகும்; ஆனால் ஒவ்வொரு படியையும் இருவர் கண்கள் காணும். எங்கு சென்றாலும், குழி எவ்வளவு ஆழம், எதை வைத்து அடைத்தார்கள் என்பதை ஒரு சீட்டில் எழுதி வாங்குவது நம் உரிமை. மற்றொரு டாக்டரிடம் போகும்போது அந்தச் சீட்டு பாதி வேலையை மிச்சப்படுத்தும்.

நம் பல்லின் கதையை முடிக்கவேண்டும். நாட்காட்டிக் குறிகள் ஐந்தாம் வாரம் மெலிந்தன. ஏழாம் வாரம் குளிர்ந்த நீரில் ஒரு சிறு நினைவூட்டல் மட்டும் இருந்தது. இப்போது அந்தப் பக்கமே மென்று தின்கிறோம். பெரியப்பா இன்னும் நம்பவில்லை. 'இருக்கிறதா, போய்விட்டதா' என்று வாரந்தோறும் வாயைத் திறக்கச் சொல்கிறார். போன வாரம் தம் ஒன்பதில் ஒன்று ஆடுவதாகத் தாமே கூறினார். பிடுங்கும் முன் காட்டலாமா என்றோம். யோசித்துச் சொல்கிறேன் என்றார். நமக்கு ஆறு மாதம் கழித்து ஒரு படம் எடுத்துப் பார்க்க டாக்டர் நாள் குறித்திருக்கிறார். ஆடி மாதம், ஒரு சனிக்கிழமை. அவரையும் உடன் அழைத்துச் செல்வதாக ஏற்பாடு.